ரிபேட்: வரிவிலக்கா, வரித் தள்ளுபடியா?

"மாமா, பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரிவிலக்குன்னு சொல்லிட்டாங்களே. அப்புறம் நான் எதுக்கு வருமான வரி ரிட்டர்ன் போடணும்?" ஓசூரில் முதல் வேலைக்குப் போயிருக்கும் என் அக்கா மகன் கேட்டான். அவன் மேல் தப்பில்லை. 2025 பட்ஜெட் வந்த அன்று நாம் எல்லாருமே அப்படித்தான் பேசிக்கொண்டோம். ஆனால் சட்டத்தில் இருக்கும் சொல் வேறு: ரிபேட்.

இது நமக்குப் புதிய சொல் அல்ல. கதர்க் கடையில் காந்தி ஜயந்திக்கும், கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கும் தருவதும் ரிபேட்தான். பழைய பிரெஞ்சில் 'அடித்துத் தாழ்த்துவது' என்ற பொருளில் இருந்த வினையிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. சந்தையில் நாம் விலையை 'அடித்துப் பேசுவது' இதற்கு ரொம்பப் பக்கம்.

தமிழில் சரியான சொல் கைவசமே இருக்கிறது: தள்ளுபடி. செல்லுபடி, கட்டுபடி மாதிரி, 'தள்ளு' என்பதிலிருந்து வந்தது. ஜவுளிக்கடையில் விலை தள்ளுபடி, கோர்ட்டில் மனு தள்ளுபடி, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் தள்ளுபடி. எங்கே பார்த்தாலும் முதலில் ஒன்று இருக்கும், பிறகுதான் அதைத் தள்ளுவார்கள். வாங்காத கடனை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது.

விலக்கு அப்படியில்லை, தொடக்கத்திலேயே எல்லைக்கு வெளியே நிறுத்திவிடுவது. புதிய வரிமுறையில் அந்த எல்லை 4 லட்சம்தான். அதற்கு மேல் வரி உண்டு.

ஒரு தாளில் அவன் கணக்கையே போட்டுக் காட்டினேன். மாதம் 50,000 என்றால் வருடத்துக்கு 6 லட்சம். சம்பளக்காரர்களுக்கான நிலையான கழிவு 75,000 போக 5,25,000. இதில் 4 லட்சம் விலக்கு. மீதி 1,25,000-க்கு 5 சதவீதம், 6,250 ரூபாய் வரி. இந்த 6,250-ஐத்தான் வருமான வரிச் சட்டம் தள்ளுபடி செய்கிறது. கழிவு போக 12 லட்சம் வருமானம் என்றால் இதே வரி 60,000 ஆகும்; தள்ளுபடியின் உச்சவரம்பும் அதுதான். 2013-இல் இந்தத் தள்ளுபடி வந்தபோது உச்சவரம்பு வெறும் 2,000.

ஆக, வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், கட்ட வேண்டிய வரி பூஜ்யமானாலும் கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். கெடு தவறினால் தாமதக் கட்டணம் 5,000 வரை போகும். பங்குகளைக் குறுகிய காலத்தில் வாங்கி விற்ற லாபத்துக்கு வரும் 20 சதவீத வரியையும் இந்தத் தள்ளுபடி தொடாது. மொபைலில் டிரேடிங் செய்யும் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 'விலக்கு' என்று தவறாக எழுதும் ஒவ்வொரு தலைப்பும் அவர்களுக்குச் செலவு வைக்கிறது. தயவுசெய்து 'வரித் தள்ளுபடி' என்றே எழுதுங்கள்.

"சரி மாமா, வரியே இல்லாத ரிட்டர்னால எனக்கு என்ன லாபம்?" என்றான். நாளைக்குச் சொந்தமாக ஒரு பட்டறை வைக்க வங்கியில் கடன் கேட்டுப் போனால், அவர்கள் முதலில் கேட்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று என்றேன். பான் அட்டையை எடுத்துவர எழுந்து போனான்.