ஸ்பிரிட்டில் துடைத்தாலும் சட்டைப்பின் தோடாகாது

இந்த மாதத்தில் இது நான்காவது காது.

போன வாரம் வெள்ளவத்தையில் என் கிளினிக்குக்கு டியூசன் முடிந்த கையோடு ஒரு பிள்ளை தாயுடன் வந்தாள். பதினேழு வயது. சிநேகிதி ஒருத்தி காதின் மேல் மடலில் சட்டைப்பின்னால் குத்தி, ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்க அந்தப் பின்னையே வெட்டி வளைத்து மாட்டியிருக்கிறாள். ஆறாம் நாள். மடல் சிவந்து வீங்கி, தொட்டால் சுடுகிறது. சோணை மட்டும் பழையபடி. எனக்கு அதுதான் பயம். சோணையில் குருத்தெலும்பு இல்லை. அது தப்பி மடல் மட்டும் வீங்கினால் கிருமி குருத்தெலும்பின் உறைக்குப் போய்விட்டது என்றே நாங்கள் பார்ப்போம்.

"ஸ்பிரிட்டில துடைச்சுத்தான் குத்தினவை, டொக்டர்" என்றார் அம்மா.

எல்லோரும் சொல்வது இதைத்தான். ஸ்பிரிட் பின்னின் சுருளுக்குள் ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்காது. சில கிருமிகளின் வித்துகளைக் கொல்லவும் கொல்லாது. லைட்டரில் காட்டினால் கரிதான் படியும். சரி, ஊசி சுத்தமென்றே வைத்துக்கொள்வோம். குத்த ஒரு நொடி போதும். மேல்மடல் ஆற ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அத்தனை நாளும் அந்தக் கம்பி புண்ணுக்குள் கிடக்கிறது. வெட்டிய முனை தசையை அறுக்கிறது. முலாம் உரிந்து, கொழும்பு வியர்வையில் உள்ளிருக்கும் நிக்கல் கரைகிறது. நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பிறகு மணிக்கூட்டு வாரின் கொளுவி பட்டாலும் கடிக்கும். இதில் எதை ஸ்பிரிட் தடுக்கும்?

அம்மம்மா காலத்தில் ஈர்க்குச் செருகினார்களே என்பீர்கள். அது சோணையில். சோணைக்கு நல்ல இரத்த ஓட்டம் உண்டு. குருத்தெலும்புக்குச் சொந்த இரத்தக்குழாய் கிடையாது, உறையிலிருந்துதான் ஊட்டம். இடையில் சீழ் கட்டினால் அது செத்துப்போகும், மடல் சுருங்கிவிடும்.

பார்மசியில் அமொக்சிசிலின் வாங்கிப் போட்டு நாட்களைக் கடத்தாதீர்கள். இந்தப் புண்களில் நாங்கள் அதிகம் காணும் சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு அது வேலை செய்யாது. அந்தப் பிள்ளையும் மூன்று நாள் அதைத்தான் விழுங்கியிருந்தாள். அன்றிரவே காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினேன். சீழ் எடுத்தாயிற்று. மடல் பழைய வடிவத்துக்கு வருமா என்று இப்போது சொல்ல முடியாது.

ஒரே ஊசியால் மூன்று சிநேகிதிகள் குத்திக்கொள்வதை நிறுத்துங்கள். காய்ந்த இரத்தத்தில், ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் 7 நாளாவது உயிரோடிருக்கும். அதற்கான தடுப்பூசி நம் தேசியத் திட்டத்தில் சேர்ந்ததே 2003இல்தான். அதற்கு முன் பிறந்த அக்காமார் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஹாட்வெயார் கடை ஆணி, வயர், பேப்பர் கிளிப் எதுவும் உடம்புக்குள் வேண்டாம். குத்தத்தான் வேண்டுமென்றால் கண்முன் பிரிக்கும் புது ஊசி, உடலுக்குள் பொருத்தும் தரத்து டைட்டேனியம். காந்த மூக்குத்தியும் வேண்டாம், இரண்டு காந்தம் நசித்தால் மூக்கின் நடுச்சுவர் ஓட்டையாகும்.

தங்கச்சிமாரே, வலி தொடங்கிய அன்றே வாருங்கள். நீங்களாகக் கழற்றவேண்டாம், ஓட்டை மூடிச் சீழ் உள்ளே அடைபடும். அம்மாவுக்குத் தெரியாமல் குத்தியிருந்தாலும் வாருங்கள். ஏச மாட்டேன்.