பெயர் போட்டால் பணத்தை எடுத்துவிடுவார்களா?

போன வாரம் மறுபடியும் ஒன்று. அப்பத்தா இறந்து நாற்பது நாள் கழித்து, சென்னையிலிருந்து வந்த பேரன் அவருடைய பாஸ்புக்கை என் மேசையில் வைத்தார். அந்துருண்டை வாசம். இரும்புப் பெட்டியில் பட்டுப்புடவை மடிப்புக்குள் இருந்ததாம். இருப்பு மூன்று லட்சத்துச் சொச்சம். நாமினி, அதாவது தனக்குப் பிறகு பணத்தை வாங்க அவர் எழுதிவைத்த ஆள், யார் என்று பார்த்தால், தாத்தா. அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம். அவர் பெயருக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளில் 'பெறுநர் காலமானார்' என்று எழுதித் திருப்பியவனே நான்தான்.

காரைக்குடிப் பக்கம் கிளை அஞ்சலகம் நடத்தும் எனக்கு இந்த வருஷத்தில் இது நான்காவது.

அந்த ஆச்சியிடம் நான் சொல்லாமல் இல்லை. "வேண்டாம் தம்பி, பெரியவன் பேரைப் போட்டா நாளைக்கே வந்து வழிச்சிட்டுப் போயிருவான்" என்பார். இந்த ஒரு பயத்தோடுதான் எனக்கு மல்லுக்கட்டு. கணக்கு வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்வரை நாமினியால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. இருப்பு எவ்வளவு என்று கேட்டால்கூட நாங்கள் சொல்லக் கூடாது. ஜாயின்ட் கணக்கையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நம் ஊர் வழக்கத்திலேயே சொல்கிறேன். பங்காளிகள் பத்துப் பேருக்குப் பாத்தியப்பட்ட பெரிய வீட்டில் அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. ஆச்சிக்குப் பிறகு அந்த அறையை யார் திறப்பது என்று எழுதி வைப்பதுதான் நாமினி. சாவி கடைசிவரை ஆச்சியின் இடுப்பில்தான் இருக்கும்.

திறப்பவருக்கே எல்லாம் சொந்தம் என்றும் இல்லை. மற்ற வாரிசுகளின் உரிமை அப்படியேதான் இருக்கும். ஒருவரை மட்டும் போட மனசில்லையா? நான்கு பேர் வரை போடலாம், யாருக்கு எவ்வளவு என்றும் குறிக்கலாம்.

நாமினி இல்லாவிட்டாலும், இருந்த நாமினி முன்பே இறந்துவிட்டாலும், கதை ஒன்றுதான். 5 லட்சம் வரை என்றால் இறந்த நாளிலிருந்து 6 மாதம் காத்திருந்து, பிரமாணப் பத்திரம், ஜாமீன், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் என்று அலைய வேண்டும். அதற்கு மேல் போனால் கோர்ட்டுக்குப் போய் வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டும். ஒரு மகள் மலேசியாவில் இருந்தால் அலைச்சலை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. இறந்தவரிடம் முன்பே கையெழுத்து வாங்கி வைத்த பணம் எடுக்கும் படிவத்தை, மூன்றாம் நாள் கொண்டுவந்து "எடுத்துக் கொடுங்க" என்று நிற்காதீர்கள். துக்கம் கேட்டுவிட்டு வந்தவனிடமே இப்படியா?

இன்றைக்கே அம்மாவின் பாஸ்புக்கை எடுத்து நாமினி யார் என்று கேளுங்கள். சேமிப்புக் கணக்கு, ஆர்டி, டெபாசிட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றில் போட்டால் எல்லாவற்றுக்கும் ஆகாது. நாமினியை மாற்ற முன்பெல்லாம் 50 ரூபாய் வாங்கினோம், 2025 ஏப்ரலில் அதையும் எடுத்துவிட்டார்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் சாட்சிகள் வேண்டும், அவ்வளவுதான். வயதானவர்களை வெயிலில் இழுத்துவர வேண்டாம், படிவத்தை வாங்கிப் போங்கள். தயவுசெய்து.

பேரனோடு வந்திருந்த அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கிளம்பும்போது தன் பாஸ்புக்கையும் நீட்டினார். பார்த்தேன். அவருக்கு நாமினி, இறந்துபோன அந்த ஆச்சிதான். படிவம் ஒன்றைக் கையோடு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.