நள்ளிரவுச் சூரியனுக்கு மேலே ஒரு உறைபனிக் கூரை

"மேலே போகப் போகச் சூரியனை நெருங்குகிறோம். அப்புறம் ஏன் குளிர்கிறது?" ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். முதல் பாதிக்குப் பதில் சுலபம். சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். அதில் நாம் 10 கிலோமீட்டர் ஏறுவதெல்லாம் கணக்கிலேயே வராது. வெயில் பெரும்பாலும் காற்றைத் தாண்டி வந்து தரையைச் சுடுகிறது, தரைதான் காற்றைச் சுடவைக்கிறது. அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையத்தானே செய்யும்? கீழடுக்கில் கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது.

அதற்கு மேலே மீள் அடுக்கு, அதாவது ஸ்ட்ராடோஸ்பியர். அங்கே ஓசோன் புற ஊதாக் கதிரை விழுங்குவதால் மறுபடி சூடு ஏறுகிறது. 50 கிலோமீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட பூஜ்ய டிகிரி. பிறகு இடையடுக்கு, அதாவது மீசோஸ்பியர். அங்கே ஓசோன் அருகிப்போகிறது. இருக்கும் வெப்பத்தையும் கார்பன் டை ஆக்சைடு அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறது. ஆக, 85 கிலோமீட்டர் வரை இறங்குமுகம்தான். அதற்கும் மேலே வெப்ப அடுக்கு. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

அந்தப் புத்தக வரைபடம் சொல்லாத ஒன்று உண்டு. இடையடுக்கின் உச்சி மிக அதிகமாகக் குளிர்வது எங்கே, எப்போது? துருவத்துக்கு மேலே, நடுக்கோடையில்! இருபத்துநான்கு மணி நேரமும் வெயில் அடிக்கும் நாட்களில் அங்கே மைனஸ் 140 டிகிரியும் அதற்குக் கீழும் போகிறது. தரையில் இதுவரை அளந்த மிகக் குறைந்த வெப்பநிலை, அண்டார்டிகாவின் வாஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலையில் பதிவான மைனஸ் 89.2. மாதக்கணக்கில் வெயிலே படாத குளிர்காலத் துருவத்துக்கு மேலேகூட அந்த உயரத்தில் இவ்வளவு குளிர் இல்லை. முதன்முதலில் இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

காரணம் வெயிலில் இல்லை, காற்றின் ஓட்டத்தில் இருக்கிறது. மலைமேல் காற்று மோதும்போதும் இடிமேகம் பொங்கி எழும்போதும் காற்றில் அலைகள் கிளம்புகின்றன. ஈர்ப்பு அலைகள் என்று பெயர் (கருந்துளைகள் மோதும்போது வருபவை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). கிளம்பும்போது இவை மிகச் சாது. ஆனால் மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது. 80 கிலோமீட்டரில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. அதே ஆற்றலைக் கொஞ்சூண்டு காற்று சுமக்க வேண்டுமென்றால் அது வேகமாக ஆடியே ஆக வேண்டும். சாட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியில் சிறு அசைவு, மெல்லிய நுனியில் சுளீர்! கடைசியில் அலை தன் ஆட்டத்தைத் தானே தாங்காமல், கரையில் கடலலை உடைவதுபோல, இடையடுக்கில் உடைகிறது.

உடையும்போது தான் சுமந்துவந்த உந்தத்தை அங்குள்ள காற்றின் மேல் இறக்கிவிடுகிறது. கோடையில் அந்த உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசும். மேற்கே போகும் அலைகளைக் கீழே மீள் அடுக்கிலேயே அந்தப் பக்கம் வீசும் காற்று மடக்கிவிடும். தப்பி மேலே வருபவை பெரும்பாலும் கிழக்கே போகும் அலைகள். அவை எதிர்த்திசையில் தள்ளுகின்றன. பூமியின் சுழற்சி அந்தத் தள்ளலைத் துருவத்திலிருந்து விலகும் பக்கமாகத் திருப்புகிறது. காற்று கோடைத் துருவத்தை விட்டு எதிர்த்துருவத்தை நோக்கிக் கிளம்புகிறது. காலியான இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று எழுகிறது. நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான், எறும்பு ஊரும் வேகம். ஆனால் 3 சென்டிமீட்டர் என்று வைத்தாலே ஒரு நாளில் இரண்டரைக் கிலோமீட்டர். ஏறும் காற்று விரிகிறது, விரியும் காற்று குளிர்கிறது, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி. வெயில் ஓரளவு சூடேற்றப் பார்க்கிறது, முடியவில்லை. மறுதுருவத்தில் இதே காற்று இறங்கி, அமுங்கி, சூடாகிறது. அங்கே இருட்டிலும் கதகதப்பு! மைனஸ் கணக்கில்தான் என்றாலும்.

இவ்வளவு சுவாரசியமான இடத்தை ஆய்வாளர்களே கிண்டலாக 'கண்டுகொள்ளாத மண்டலம்' என்பார்கள். ஆய்வு பலூன் அந்த உயரத்துக்கு ஏறாது, செயற்கைக்கோள் அங்கே இறங்கிச் சுற்ற முடியாது. ஆய்வு ராக்கெட் சில நிமிடம் எட்டிப்பார்த்துவிட்டு விழுந்துவிடும். மற்றதெல்லாம் தூரத்திலிருந்து அளப்பதுதான். செவ்வாய்க்குக் கலம் அனுப்பக் கிடைக்கும் பணத்தில் ஒரு துளி இதற்கும் வரலாம் என்பது என் ஆதங்கம்.

சரி, கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். அந்தக் குளிரில், பத்து லட்சத்தில் சில பங்கே இருக்கும் நீராவிகூட, எரிந்துபோன விண்கற்களின் தூசைப் பிடித்துக்கொண்டு பனித்துகளாக உறைகிறது. சுமார் 83 கிலோமீட்டர் உயரத்தில் வெள்ளியும் நீலமும் கலந்த மெல்லிய மேகம். 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்து, அதன் தூசியால் உலகெங்கும் அந்தி வானம் சிவந்து கிடந்தது. எல்லோரும் அந்தியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், 1885இல், இந்த மேகங்கள் முதன்முதலாகப் பதிவாயின. துருவங்களை ஒட்டிய நாடுகளில், தரையில் இருட்டிய பிறகும் அடிவானத்துக்குக் கீழே போன சூரியனின் ஒளி பட்டு அவை மினுங்கும். கோடையில் மட்டும்.