காசு கொடுத்தாலும் கைக்கு வராத விளையாட்டு

மென்பொருள் உரிம ஒப்பந்தங்களைத் தயாரிக்கும் வழக்கறிஞர் என்ற முறையில், இணையக் கடையில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்துவதாலேயே ஒரு விளையாட்டு நமக்குச் சொந்தமாகிவிடாது என்பதைக் கட்சிக்காரர்களுக்கு விளக்க நேரும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டுவது 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2'.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ஆர்க்கேடு கூடங்களுக்காக (காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்கள்) வெளியிட்ட இந்தச் சண்டை விளையாட்டில், ஸ்பைடர்மேன் முதலிய மார்வெல் நாயகர்களும் ரியூ முதலிய கேப்காம் வீரர்களுமாக 56 பாத்திரங்கள் இருந்தன. மூவர் கொண்ட அணியில் ஒருவர் மோதிக்கொண்டிருக்கும்போதே, வெளியே நிற்பவரை ஒரு பொத்தானில் அழைத்து, அவருடைய அடியில் எதிரி திணறும் கணத்தில் நம் தாக்குதலைத் தொடரலாம். பாத்திரங்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் பாராட்டிய விமர்சகர்கள், முப்பரிமாணப் பின்னணியில் தட்டை உருவங்கள் ஒட்டாமல் நின்றதையும், அடிதடிக்குச் சற்றும் பொருந்தாத ஜாஸ் இசையையும் குறை கூறினர். (அந்த இசையே பின்னாளில் ரசிகர்களின் செல்லமாகிவிட்டது, எனக்கும்தான்.) பாத்திரங்களின் பலத்தில் சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை: இத்தனை பேர் இருந்தும் போட்டிகளில் மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் ஆகியோரே மீண்டும் மீண்டும் களமிறங்கினர். ஆனால் அந்தக் கோணல்தான் ஆட்டத்துக்கு வெறியூட்டியது என்பது என் கருத்து. சண்டை விளையாட்டுகளுக்கென அமெரிக்காவில் நடக்கும் ஈவோ போட்டியில் 2010 வரை அது முக்கிய ஆட்டமாக நீடித்தது.

2009-இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய விளையாட்டுக் கருவிகளுக்குத் தரவிறக்க வடிவில் மீண்டும் வந்த இவ்விளையாட்டு, மார்வெலுடனான உரிமக் காலம் முடிந்ததால் 2013-இன் இறுதியில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. நிரல் கேப்காமுடையது, நாயகர்கள் மார்வெலுடையவர்கள் என்னும்போது, ஒப்பந்தத்தின் கால அளவு ஷரத்து காலாவதியாகும் நாளில் கேப்காம் தன் சொந்தப் படைப்பையே புதிதாக விற்க முடியாது. முன்பே அச்சான வட்டுகளுக்குக் கையிருப்பை விற்றுத் தீர்க்கும் அவகாசத்தை இத்தகைய ஒப்பந்தங்களில் எழுதுவது வழக்கம். தரவிறக்க விற்பனைக்கோ கையிருப்பு என்றே ஒன்றில்லை. கடையில் கிடைக்காத பொருளானதால் முன்பு வட்டு வடிவில் வந்திருந்த பழைய பிரதிகளின் விலை ஏறியது. விளையாட்டை மீட்கக் கோரி 2021-இல் ரசிகர்கள் இயக்கமே நடத்தினர். ஏழு பழைய விளையாட்டுகள் அடங்கிய தொகுப்பின் ஒரு பகுதியாக 2024 செப்டம்பரில்தான் அது திரும்பி வந்தது.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பறித்துக்கொள்ளக்கூடிய உரிமத்தை மட்டும் விற்பவர் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று விளம்பரப்படுத்த முடியாது. இரு நிறுவனங்களின் பாத்திரங்கள் மோதும் விளையாட்டு எதுவானாலும், வட்டு வடிவம் கிடைக்கிறதா என்பதையும், நீக்கப்பட்ட பிறகு மீண்டும் தரவிறக்க அனுமதி உண்டா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே விதிமுறைகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.