ஏஞ்சல் நிறம் மாறுகிறதா? காப்பர் பாட்டிலைத் தொடாதீர்கள்

கடல் மீன் தொட்டியில் ஏஞ்சல் மீன் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பல ஒரே மாதிரிதான் இருக்கும். "ஏஞ்சல் கலர் மாறுது சார், காப்பர் ஊத்திட்டேன், வேற என்ன ஊத்தணும்?" காப்பர் என்றால் ஒட்டுண்ணியைக் கொல்லும் செம்பு மருந்து. ஊற்றியதை எப்படி வெளியே எடுப்பது என்றுதான் நான் யோசிக்க ஆரம்பிப்பேன். பாதி நேரம் அந்த மீனுக்கு நோயே இருக்காது. அது வளர்ந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

எம்பரர் ஏஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியில் கருநீல உடம்பு, வால் பக்கம் ஒரு வெள்ளை வட்டம், அதைச் சுற்றி வெள்ளையும் வெளிர்நீலமுமாக வளையங்கள். வளர்ந்த மீனுக்கு மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள், கண்மேல் கறுப்புப் பட்டை, மஞ்சள் வால். ஒரு காலத்தில் குட்டியைத் தனி இனம் என்று நினைத்து நிக்கோபாரை வைத்து வேறு பெயரே சூட்டியிருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் உள்ள புளூ ரிங் ஏஞ்சலும் இப்படித்தான்: குட்டியில் நீலமும் வெள்ளையும், வளர்ந்தால் பழுப்பு உடம்பில் நீலக் கோடுகள்.

எம்பரரில் இந்த மாற்றம் பெரும்பாலும் 8 முதல் 12 செ.மீ. நீளத்தில் தொடங்கும். சில மாதங்களில் முடியலாம். தொட்டியில் ஒன்றிரண்டு வருடம் இழுத்தாலும் ஆச்சரியமில்லை. நடுவில் மீன் பார்க்கவே நன்றாக இருக்காது. வளையம் கலங்கும், வாலில் மஞ்சள் எட்டிப்பார்க்கும், முகம் அழுக்குப் படிந்ததுபோல் இருக்கும். காப்பர் பாட்டில் திறக்கப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

எதற்கு இந்த வேஷம்? தன் எல்லைக்குள் இன்னொரு எம்பரரை விடாத பெரிய மீன், வேறு நிறத்தில் இருக்கும் குட்டியை அவ்வளவாகத் துரத்துவதில்லை என்று ஹான்ஸ் ஃப்ரிக்கே 1980இல் எழுதினார். 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோண்டோவும் அசாயும் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். செமிசர்க்கிள் ஏஞ்சலின் குட்டி 2 செ.மீ.க்குக் கீழே இருக்கும்போது மூன்றே கோடுகள். 4 செ.மீ. வரும்போது அவற்றின் நடுவே புதுக் கோடுகள் முளைக்கின்றன. 8, 9 செ.மீ.யில் மறுபடியும் அதே கதை. எம்பரரிலோ ஒரு கோடு இரண்டாகப் பிரியும் கவை மெல்ல நகர்ந்து, ஜிப் திறப்பதுபோல் கோட்டைப் பிளந்துகொண்டே போகிறது. இதை உங்கள் தொட்டியிலேயே பார்க்கலாம். விலாவில் ஒரு கவையைக் குறித்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள். கவை நகர்ந்திருந்து, மீனும் நன்றாகச் சாப்பிட்டால், அது வளர்ச்சி.

கோடுகள் அப்படியே இருந்து நிறம் மட்டும் வெளிறினால் வேறு விஷயம். எந்த நிறம் போகிறது என்று பாருங்கள். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் வேண்டிய கரோட்டினாய்டு என்ற நிறமியை மீன் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது, தீனியிலிருந்துதான் வர வேண்டும். நீலமோ தோலில் இருக்கும் நுண்ணிய படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தெரிவது. அதனால் நீலம் அப்படியே இருந்து மஞ்சள் மட்டும் மங்கினால் நான் முதலில் தீனியைத்தான் சந்தேகிப்பேன். கடலில் கடற்பஞ்சைக் கொறித்துத் திரிகிற மீனுக்கு வெறும் பிரைன் ஷிரிம்ப் என்ற குட்டி இறாலை மட்டும் போட்டால் எப்படி? கடற்பஞ்சு கலந்த உறைந்த தீனி, நோரி என்ற காய்ந்த கடற்பாசி, ஸ்பைருலினா என மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு மூன்று வேளை கொடுங்கள். நிறம் திரும்ப வாரக்கணக்கில் ஆகும்.

கண்ணைச் சுற்றியும், விலாவில் நீளவாக்கில் ஓடும் பக்கக்கோட்டிலும் தோல் குழிந்து வெளுத்தால் தீனியோடு, தண்ணீரைச் சுத்தப்படுத்தப் போடும் கார்பனையும் கவனியுங்கள். 2011இல் வெளியான ஆய்வில், லிக்னைட் என்ற பழுப்பு நிலக்கரியில் செய்த கார்பன் பயன்படுத்திய தொட்டிகளில் சர்ஜன் மீன்களுக்கு இந்த அரிப்பு வந்தது. கார்பன் போடுவதென்றால் தூள் போகுமளவு கழுவிவிட்டுப் போடுங்கள்.

நோய் இவ்வளவு நிதானமாக வராது. நேற்று நன்றாக இருந்த மீன் இன்று கறுத்து, செவுள் வேகமாக அடித்தால் அம்மோனியாவையும் காற்றோட்டத்தையும் உடனே பாருங்கள். உடம்பில் தூள் தூவியதுபோல் இருந்தாலோ, வெள்ளைப் புள்ளிகள் வந்தாலோ, கண் மங்கினாலோ ஒட்டுண்ணி இருக்கலாம். அப்போது மருந்து தேவைதான். ஆனால் காப்பரைத் தனித் தொட்டியில், டெஸ்ட் கிட்டால் அளந்துதான் போட வேண்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் பவளமும் இறாலும் போகும், பாறையும் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இன்னொன்று: இரவில் விளக்கைத் திடீரென்று போட்டால் பல ஏஞ்சல்கள் வெளிறித்தான் தெரியும். அரை மணி நேரம் பொறுங்கள், சரியாகிவிடும்.

ஸ்வாலோடெயில் ஏஞ்சல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெண் மீன்களாகவே வாங்கியிருந்தால், அவற்றில் பெரியது சில வாரங்களில் ஆணாகி வரி வரியாக மாறும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

எனக்குப் படம் அனுப்புவதென்றால் நீல விளக்கை அணைத்து, வெள்ளை விளக்கில் எடுத்து அனுப்புங்கள். நீல வெளிச்சத்தில் எல்லா மீனும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. கூடவே மீனின் நீளத்தையும், கடைசியாக என்ன தின்றது என்பதையும் எழுதிவிடுங்கள்.