சோதனைக்குழாய் கலங்கிய பிறகு

குழாயில் 2 மி.லி. கரைசல். அதில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம். 5 நிமிடம் பொறுத்து, கறுப்புக் கோடு போட்ட அட்டையைக் குழாய்க்குப் பின்னால் பிடிக்க வேண்டும். கோடு தெரிந்தால் நெகட்டிவ். கலங்கிப்போய்க் கோடு மறைந்தால் பாசிட்டிவ். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளில், சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோயான சிக்கிள் செல்லுக்குப் பரிசோதனை என்றால் பெரும்பாலும் இந்தக் குழாயில்தான் தொடங்குகிறது. பலருக்கு அதோடு முடிந்தும் விடுகிறது. கோளாறே அங்கேதான்.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது நீலகிரியில்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடியினரின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். தேசிய அளவிலான சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கியது. இடையில் 71 வருடம். 40 வயது வரையுள்ள 7 கோடி பேரைப் பரிசோதிப்பது, 2047-க்குள் ஒழிப்பது என்று அப்போது இலக்கு வைத்தார்கள். பரிசோதனை எண்ணிக்கையை ஏற்றிக் காட்டுவது சுலபம். பாசிட்டிவ் என்று வந்தவருக்கு அடுத்த நாள் என்ன நடந்தது என்பதை எந்தப் பலகையிலும் எழுதுவதில்லை.

அந்தக் குழாயால் சொல்ல முடியாததை முதலில் பார்ப்போம். கலங்கினால் ரத்தத்தில் இந்த நோய்க்குக் காரணமான ஹீமோகுளோபின் எஸ் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு மரபணு மட்டும் மாறிய கேரியரா, இரண்டும் மாறிய நோயாளியா என்று அது பிரிக்காது. கேரியருக்குப் பொதுவாகச் சிகிச்சையே வேண்டாம். நோயாளிக்கு வாழ்நாள் முழுக்க வேண்டும். இருவர் கையிலும் ஒரே 'பாசிட்டிவ்' சீட்டைக் கொடுத்து அனுப்பினால் ஒருவர் காரணமில்லாமல் பயந்து சாவார், மற்றவர் மருந்தில்லாமல் வீட்டில் கிடப்பார். ஹெச்பிஎல்சி என்ற இரண்டாவது பரிசோதனைதான் இதைப் பிரித்துச் சொல்லும்.

நெகட்டிவையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் ரத்தத்தில் சிசு ஹீமோகுளோபின் அதிகம் இருப்பதால் குழாய் கலங்காமல் போகலாம். கடுமையான ரத்தசோகையிலும் அப்படித்தான்: ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் 20 மைக்ரோலிட்டரில் போதுமான சிவப்பணு இருக்காது. ரத்தத்தின் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். இதைவிட அடிக்கடி நடப்பது கரைசல் கெட்டுப்போவது. அதிலுள்ள டைதயோனைட் காற்றுப் பட்டாலே வீரியம் இழக்கும் பொருள். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, ஜீப்பில் குலுங்கி, வெயிலில் மேசை மேல் திறந்து கிடந்த கரைசலில் எல்லாரும் நெகட்டிவ் ஆகிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு முகாம் நாளிலும், முதல் ஆளைத் தொடுவதற்கு முன், தெரிந்த கேரியர் ரத்தம் ஒன்றையும் சாதாரண ரத்தம் ஒன்றையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். 10 நிமிட வேலை. கூட்டம் நிற்கிறது என்று முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

ஹெச்பிஎல்சி முடிவைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. கடந்த மூன்று நான்கு மாதங்களில் ரத்தம் ஏற்றியவரின் மாதிரியில் தானம் கொடுத்தவரின் சாதாரண ஹீமோகுளோபின், அதாவது ஹீமோகுளோபின் ஏ, கலந்திருக்கும். நோயாளி கேரியர் மாதிரி தெரிவார். ஊசி குத்துவதற்கு முன் 'சமீபத்தில் ரத்தம் ஏற்றினீர்களா' என்று கேட்க வேண்டும், அதுவும் அவருக்குப் புரியும் மொழியில். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடியினருக்குத் தமிழ் தாய்மொழி அல்ல. 'ஆம்' என்று தலையாட்டுவது பல நேரம் மரியாதைக்காக. பதிலென்று எடுத்துக்கொள்ள முடியாது.

மாதிரி மாவட்ட ஆய்வகத்துக்குப் போய், முடிவு திரும்பி வர வாரங்கள் ஆகலாம். வாங்க வரச் சொன்னால் ஒரு நாள் தேயிலைக் கூலி போகும், பஸ் செலவு தனி. வந்த அன்று 'டாக்டர் மீட்டிங் போயிருக்கார், நாளைக்கு வாங்க' என்றால் அத்தோடு சரி. முடிவை கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே கொண்டுபோய், குடும்பத்தோடு உட்கார்ந்து விளக்குவதுதான் இதற்கு வழி. எல்லாருக்கும் ஒரே கவுன்ட்டர், ஒரே நேரம் என்பது காதுக்கு நியாயமாகத்தான் கேட்கும். 15 கிலோமீட்டர் தள்ளி, யானை நடமாடும் வழியில் இருப்பவருக்கு அந்த கவுன்ட்டர் மூடியதற்குச் சமம்.

நோய் உறுதியான குழந்தைக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. 3 வயது வரை பென்சிலின் வி 125 மி.கி. தினம் இரண்டு வேளை, பிறகு 5 வயது வரை 250 மி.கி. இரண்டு வேளை. போலிக் ஆசிட். அரசுத் தடுப்பூசி அட்டவணையில் நிமோகாக்கல் ஊசி இருக்கிறது. ஆனால் மண்ணீரல் சரியாக வேலை செய்யாத இந்தக் குழந்தைகளுக்கு 2 வயதுக்கு மேல் இன்னொரு வகை நிமோகாக்கல் ஊசியும், மெனிங்கோகாக்கல், டைபாய்டு ஊசிகளும் தேவை. அவை வழக்கமான அட்டவணையில் இல்லை. 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி. இடது விலா எலும்புக்குக் கீழே மண்ணீரலைத் தொட்டுப் பார்க்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்கலாம். திடீரென்று வயிறு வீங்கி, குழந்தை வெளுத்துச் சோர்ந்தால், சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்க மண்ணீரலில் தேங்கி உயிரே போகலாம். விலா ஓரத்திலிருந்து மண்ணீரல் நுனி வரையுள்ள அளவை ஒரு குச்சியில் கோடு போட்டு வைத்திருந்தால், முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று தாய் அளந்து காட்டிவிடுவார்.

இரும்புச்சத்து மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். வெளுத்த முகத்தைக் கண்டாலே அதை எழுதிக் கொடுப்பது கை பழகிய வேலை. இங்கே ரத்தம் குறைவது இரும்பு இல்லாததால் அல்ல. 120 நாள் இருக்க வேண்டிய சிவப்பணு 10 முதல் 20 நாளில் உடைந்துபோவதால். உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின் அளவைப் பார்த்து, உண்மையிலேயே குறைவு என்றால் கொடுக்கலாம். சிவப்பணு உடைவதால் மஞ்சளாகும் கண்ணைப் பார்த்துக் காமாலைக்கு மருந்து தேடி அலைவதும் இதே வகைத் தவறுதான்.

வலித் தாக்குதலைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா கேப்சூல் பரவலாகக் கிடைப்பது 500 மி.கி. அளவில். கிலோவுக்கு 10 மி.கி. என்று தொடங்கினால் 20 கிலோ குழந்தைக்குத் தேவை 200 மி.கி. கேப்சூலை உடைத்துப் பொடியைக் கண்ணளவில் பிரித்துக் கொடுக்கச் சொல்வது ஆபத்து. செல்களைத் தாக்கும் மருந்து அது, வீட்டிலிருக்கும் கர்ப்பிணி வெறும் கையால் தொடவே கூடாது. மி.லி.க்கு 100 மி.கி. உள்ள திரவம் என்றால் 2 மி.லி. எடுத்தால் முடிந்தது. அது கைக்குக் கிடைக்க வைப்பதுதான் நிர்வாகத்தின் வேலை. முதலில் 4 வாரத்துக்கு ஒரு முறையும், அளவு நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். நியூட்ரோபில் என்ற வெள்ளையணு 2,000-க்கோ தட்டணு 80,000-க்கோ கீழே போனால் நிறுத்திவைக்க வேண்டும். பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால், ஒரு மாதத்தில் 'மாத்திரை கேட்கலை' என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இனி வலி. எலும்புக்குள் ரத்த ஓட்டம் அடைபட்டு வரும் இந்த வலிக்கு வெளியே காயமும் இருக்காது, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாது. வலியில் நெளிகிற ஆதிவாசி இளைஞரை நள்ளிரவில் கேஷுவாலிட்டிக்குக் கொண்டுவந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி 'குடிச்சிருக்கியா?' என்றால், தாமதம் அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது. வந்த 30 நிமிடத்துக்குள் முதல் வலி மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. கடும் வலி என்றால் மார்பின், நரம்பு வழியாக கிலோவுக்கு 0.1 மி.கி. அரை மணிக்கு ஒரு முறை வலியை மீண்டும் கேட்டு எழுத வேண்டும். பெத்திடின் என்ற வலி மருந்து வேண்டாம். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது கை போன போக்கில் டைக்ளோபெனாக் போட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு. இரண்டு மூன்று பாட்டில் சலைனை வேகமாக ஓடவிடுவதும் நல்லதல்ல, நுரையீரலில் நீர் சேரும். வெறும் வலிக்கு ரத்தம் ஏற்றக் கூடாது. வேறு காரணத்துக்கு ஏற்றினாலும் ஹீமோகுளோபினை 10-க்கு மேல் கொண்டுபோகக் கூடாது, ரத்தம் கெட்டியாகி அடைப்பு கூடும்.

கூடலூரிலிருந்து மேல்சிகிச்சைக்கு ஊட்டிக்கு அனுப்பும்போது இன்னொன்றும் நடக்கிறது. கூடலூர் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 1,000 மீட்டர், ஊட்டி 2,240. ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணு அரிவாளாக வளையும், குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி அடைப்பு கூடும். 50 கிலோமீட்டர் மலை ஏற்றத்தில் மெல்லிய வேட்டியோடு ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோனால், இரண்டையும் அவருக்கு நாமே கொடுத்த மாதிரி. 108-ல் ஏற்றும்போதே கம்பளி, காலுறை, முதல் டோஸ் வலி மருந்து, 95-க்குக் கீழே இருந்தால் ஆக்சிஜன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் கூடுதலாகக் காட்டக்கூடியது என்பதும் நினைவிருக்கட்டும். 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். விரல் கருவி 94 என்று காட்டி, ஆள் மூச்சிரைத்தால், ஆளை நம்புங்கள்.

கேரியர் அட்டையைக் கல்யாணப் பேச்சில் ஆயுதமாக்குவதும் நடக்கக்கூடியதே. இரண்டு கேரியர்கள் மணந்தால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோயுள்ள குழந்தைக்கான வாய்ப்பு 25 சதவீதம். ஒருவர் மட்டும் கேரியர், மற்றவருக்கு எந்த ஹீமோகுளோபின் கோளாறும் இல்லை என்றால் அந்த நோய் வராது. இந்த இரண்டாவது வரியை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. முடிவை ஊர் நடுவில் மைக்கில் பெயர் சொல்லி வாசிப்பதை எந்த முகாமிலும் அனுமதிக்கக் கூடாது.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் சிக்கிள் செல் நோயும் இருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று பெற்றால் உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் இது தனிப் பிரிவாக இல்லை. விண்ணப்பித்து ஏமாறுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'சிக்கிள் செல்' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்த வகை, எடை, ஹைட்ராக்சியூரியா அளவு, வலியில்லாத நாளில் ஆக்சிஜன் எவ்வளவு, வழக்கமான ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். வழக்கமாக 7.5 இருப்பவர் 7.2 என்று வந்தால் அவசரமில்லை. வழக்கமாக 9.5 இருப்பவர் 7.2 என்று வந்தால் உடனே தேட வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்த எண் சீட்டில் இல்லாவிட்டால், நைட் டியூட்டி டாக்டரின் கண்ணுக்கு இருவரும் ஒன்றுதான்.