இன்ஸ்பிரேஷன்: உத்வேகமா, தூண்டுகோலா?

நுரையீரல் மருத்துவர் ‘இன்ஸ்பிரேஷன்’ என்றால் மூச்சை உள்ளே இழுப்பது. உண்மைக் கதைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர் ‘செம இன்ஸ்பிரேஷன்’ என்றால் அது வேறு. ஆனாலும் சொல் ஒன்றுதான். லத்தீனில் ‘ஸ்பிராரே’ என்பது மூச்சுவிடுதல். முன்னால் ‘இன்’ சேர்ந்தால் உள்ளே ஊதுதல். தெய்வம் மனிதனுக்குள் மூச்சை ஊதுகிறது, அதனால்தான் அவன் பாடுகிறான், எழுதுகிறான் என்ற பழைய ஐரோப்பிய நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் தங்கிவிட்டது.

அப்படியே தமிழாக்கினால் ‘உயிர்ப்பூட்டல்’ என்று வரும். பழந்தமிழில் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல்தான். பெருமூச்சுக்கு நெட்டுயிர்ப்பு என்று பெயர். அழகான சொல், ஆனால் படம் பார்த்தவர் வாயில் அது வராது.

வருவது ‘உத்வேகம்’. விமர்சனம், பேட்டி, விழா மேடை என்று எல்லா இடத்திலும் இதுதான். இதன் சமஸ்கிருதப் பொருளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: மனக்கலக்கம், பதற்றம். பகவத்கீதையின் 12-ஆம் அத்தியாயம், 15-ஆம் சுலோகத்தில் பக்தன் விட்டொழித்தவை என்று ஒரு வரிசை வருகிறது. அதில் பயத்துக்குப் பக்கத்திலேயே உத்வேகமும் நிற்கிறது. இந்தியில் இன்றும் அந்தப் பொருள்தான். தமிழ்க் காதில் ‘வேகம்’ மட்டும் பளிச்சென்று விழுந்ததால் பொருள் திரும்பிக்கொண்டது என்று நினைக்கிறேன். வழக்கில் நிலைத்துவிட்ட சொல்லைத் தவறு என்று தள்ள எனக்கு மனம் வராது. ஆனால் கையில் இதைவிட நல்ல சொல் இருக்கிறதே!

‘சுடர் விளக்காயினும் தூண்டுகோல் வேண்டும்’ என்பார்கள். அகல் விளக்கில் திரியின் நுனி கருகிச் சுடர் சுருங்கும்போது, ஒரு சிறு குச்சியால் திரியை லேசாக மேலே தள்ளிவிட்டால் போதும், சுடர் மறுபடி நிமிரும். எண்ணெய் அதேதான், திரியும் அதேதான். அந்தக் குச்சிதான் தூண்டுகோல். லத்தீன் சொல்லில் எல்லாமே வெளியிலிருந்து வருகிறது. தமிழ்ச் சொல்லில் விளக்கு முன்பே எரிந்துகொண்டிருக்கிறது. உண்மைக் கதைப் படம் நமக்குள் செய்வதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘அந்தப் படம் எனக்குத் தூண்டுகோல்’ என்று தாராளமாக எழுதலாம். வினையாக எழுதும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘தூண்டினார்’ என்றதும் கலவரமும் குற்றமும் நினைவுக்கு வரும். அதனால்தான் சிலர் ‘அகத்தூண்டுதல்’ என்று அடை சேர்க்கிறார்கள்.

‘உந்துதல்’ என்பதும் புழக்கத்தில் இருக்கிறது. உந்துதல் என்றால் தள்ளுதல். இயற்பியல் பாடத்தில் வரும் ‘உந்தம்’ இதன் உறவுதான். படம் முடிந்து எழும்போது நாளையிலிருந்து நாமும் ஓட வேண்டும் என்று தோன்றுகிறதே, அந்த முதல் தள்ளலுக்கு இது பொருத்தமான சொல். அது எத்தனை நாள் நிற்கும் என்பது வேறு விஷயம்.

அதற்குத்தான் ‘ஊக்கம்’. திருக்குறளில் 60-ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. ஊக்கம் உள்ளவரையே ‘உடையர்’ என்று சொல்லலாம், அது இல்லாதவர் வேறு எதை வைத்திருந்தாலும் உடையவர் ஆகமாட்டார் என்கிறது முதல் குறள். ஊக்கம் ஒரு சொத்து என்றுதான் வள்ளுவர் பார்க்கிறார். தூண்டுகோலை இன்னொருவர் நீட்டலாம், ஊக்கம் அவரவர் எண்ணெய்.

இந்த வேறுபாடு எனக்குத் தெளிவாகப் புரிந்தது எரிக் லிடலின் கதையில். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டர் ஓட்டத்தை விட்ட ஸ்காட்லாந்து வீரர். 1981-இல் வந்த ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில், பாரிசுக்குப் புறப்பட்டுக் கப்பல் ஏறும் நேரத்தில்தான் தகுதிச் சுற்று ஞாயிறு என்று அவருக்குத் தெரியவருகிறது. பார்ப்பவருக்கு நெஞ்சு படபடக்கும். உண்மையில் அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். அந்த மாதங்களை அவர் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தே கழித்தார். அப்புறம் 47.6 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். கப்பல் காட்சி உந்துதல். படத்தில் வராத அந்த மாதங்கள் ஊக்கம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. 1970-இல் நிலவுக்குப் போகும் வழியில் பழுதான விண்கலத்தின் உண்மைக் கதை, 1995-இல் வந்த ‘அப்பல்லோ 13’ படம். அதில், தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கட்டுப்பாட்டு அறையில் நாசாவின் பயண இயக்குநர் ஜீன் கிரான்ஸ் சொல்வார். உண்மையில் அன்று அவர் அப்படிச் சொல்லவில்லை; படத்துக்காக எழுதிய வசனம் அது. ஆனால் கிரான்ஸுக்கே அது பிடித்துப்போய், 2000-இல் வெளியான தன் நினைவுக் குறிப்புக்கு அதையே தலைப்பாக வைத்தார். உண்மை மனிதருக்கே படம் தூண்டுகோல் ஆகிவிட்டது.

சரி, படத்தின் தொடக்கத்தில் போடும் அறிவிப்பை எப்படி எழுதுவது? தமிழில் பெரும்பாலும் ‘உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது’ என்றே எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். அடிப்படை என்றால் கட்டடமே அதன் மேல்தான் நிற்க வேண்டும். நூலையோ வாழ்க்கை வரலாற்றையோ பின்பற்றி எடுத்திருந்தால் ‘தழுவியது’. ஒரு நிகழ்விலிருந்து பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கற்பனையில் கட்டியிருந்தால், ‘உண்மைச் சம்பவத்தின் தூண்டுதலில் உருவான கதை’ என்று போடலாம். எதை எந்த அளவுக்கு நம்பிப் பார்க்கலாம் என்பது பார்ப்பவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.